விரலை நீட்டு

மோப்பம் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரல்ல. டிப்போவில் கண்டக்டர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்தது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். வண்டியில் ஏறிய உடனே யார் டிக்கெட் எடுக்கவில்லை என்பது அவருக்கு வாசனையாகவே தெரிந்துவிடும் என்பார்கள். ஜன்னல் வழியாக ரொம்ப அக்கறையாக வெளியே வேடிக்கை பார்க்கிறவன், திடீரென்று தூங்கிப்போகிறவன், பக்கத்து சீட்டுக் குழந்தையைக் கொஞ்ச ஆரம்பிக்கிறவன், இவர்களிடம்தான் முதலில் போய் நிற்பார். முக்கால்வாசி நேரம் கணிப்பு தப்பாது. அந்த முக்கால்வாசிதான் அவரைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். மீதிக் கால்வாசியை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒருமுறை மனைவியின் கூடப்பிறந்த தம்பியே மாட்டினான். "அத்தான், நான்தான்" என்று பல்லைக் காட்டினான். "அது தெரியுது. டிக்கெட் எங்கே?" என்றார் மோப்பம். அபராதம் கட்டவைத்து, நடுவழியில் இறக்கியும் விட்டார். அதற்கப்புறம் அவன் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மனைவி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று அதையும் சந்தேகப்பட்டார்.

சர்க்கரை நோய் வந்தபோது முதல் சில வருஷங்கள் அவர் அதை நம்பவே இல்லை. மருந்துக் கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்றார். அவர் நம்பவில்லை என்பதற்காக நோய் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுமா? உள்ளே உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தது. ஓய்வு பெற்று நிம்மதியாகக் காலை நீட்டலாம் என்ற நேரத்தில் சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது.

டயாலிசிஸ் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இயந்திரம். இடது கையில் இரண்டு ஊசி; ஒன்றின் வழியாக ரத்தம் போய், இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். முதல் நாளே அவர் நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வெளிய போற ரத்தம் முழுசா திரும்பி வருதா?"

"வருது சார். ஒரு சொட்டுகூட நாங்க எடுத்து வச்சுக்கறதில்லை."

"அதை எப்படி நம்பறது?"

அந்தப் பெண் இவரைப் போல எத்தனையோ பேரைப் பார்த்தவள். "அடுத்த தடவையும் நீங்க உயிரோட வந்து இதே கேள்வியைக் கேப்பீங்கல்ல, அப்ப நம்புங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

அடுத்த நாற்காலியில் இருந்தவர்தான் பெரிய தலைவலி. அவர் ஒரு பழைய கண்டக்டர். அதுவும் மோப்பமே பிடித்து சஸ்பெண்ட் செய்யவைத்த கண்டக்டர். ஊரில் இருக்கிற இத்தனை சிறுநீரகங்களில் இவனுடையதுதானா கெட்டுப்போய் என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று நொந்துகொண்டார்.

அந்த ஆளைப் பிடிக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காமல் பயணிகளைக் கூட்டிப் போவான். எதிரே வருகிற வண்டியின் டிரைவர் விளக்கை இரண்டு தடவை போட்டு அணைத்தால், முன்னால் செக்கிங் இருக்கிறது என்று அர்த்தம். உடனே டிக்கெட் இல்லாதவர்களை எல்லாம் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறக்கிவிடுவான். அந்த ஸ்டாப்பில் ஏறுகிற புது ஆட்களுக்கு ஒழுங்காக டிக்கெட் கிழித்துக் கொடுப்பான். மோப்பம் ஏறிப் பார்த்தால் ஒவ்வொருவர் கையிலும் டிக்கெட் சிரிக்கும். 'வண்டி சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கடைசியில் ஒருநாள் யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, புறப்படுகிற இடத்திலேயே ஏறி, போய்ச் சேருகிற இடம்வரை கூடவே பயணம் செய்து கையும் களவுமாகப் பிடித்தார்.

அந்த ஆள் இப்போது, "வாங்க செக்கர் சார், வண்டி கிளம்பப் போகுது, உக்காருங்க" என்று சிரித்த முகத்தோடு வரவேற்றார். ஒரு மனிதன் தன் பிழைப்பைக் கெடுத்தவனைப் பார்த்து இவ்வளவு அன்பாகச் சிரிப்பானா? மோப்பம் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்தப் பக்கம் எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டார்.

இப்படி எல்லாரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனிதர், தன் கால் விரலைப் பார்க்கத் தவறிவிட்டார். புதுச் செருப்பு கடித்து இரண்டாவது விரலில் புண் வந்திருந்தது. சர்க்கரையில் கால் மரத்துப்போய் வலியே இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவிதான் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டுக் காலைத் தூக்கச் சொன்னாள்.

சிறுநீரக டாக்டரம்மா விஷயத்தைப் பூசி மெழுகவில்லை. "சர்க்கரை இறங்கினாத்தான் இந்தப் புண் ஆறும். ஆறலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும். விரலோட நின்னா உங்க அதிர்ஷ்டம்" என்றார்.

மோப்பம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் பார்த்த கால்கள் அவை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கட்டுப் போட்ட காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் அன்றைக்கு அழுதார். யாரிடமும் சொல்ல மாட்டார் என்பதால் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாளிலிருந்து மனைவி காரியத்தில் இறங்கினாள். வெளியூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய சின்ன மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. காலையில் காபிக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு வந்து, "விரலை நீட்டுங்க" என்பாள். ஒரு குத்து, ஒரு சொட்டு, ஒரு எண். 280 என்று வரும். இன்னொரு நாள் 310. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இன்சுலின் ஊசியை எடுப்பாள். அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி குறையும். பழம் கண்ணிலேயே படாது.

இங்கேதான் மோப்பத்துக்கு மூக்கு வியர்த்தது. கொடுக்கிற சாப்பாட்டைத்தானே சாப்பிடுகிறோம்? (பெரும்பாலும் அப்படித்தான். டயாலிசிஸ் கூடத்துக்கு வெளியே விற்கும் பிஸ்கட்டை அவர் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.) பிறகு எப்படி எண் ஏறிக்கொண்டே போகும்? ஒன்று மெஷின் பொய் சொல்கிறது. இல்லையென்றால் மெஷினைப் பிடித்திருக்கிற கை பொய் சொல்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். இப்போது முதல் தடவையாக, எவ்வளவு சாப்பிடலாம், எவ்வளவு குடிக்கலாம் என்று அவள் சொல்கிறாள், அவர் கேட்கிறார். இந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும் என்று அவர் மூளை ஓடியது. அதற்குத் தோதாகச் சாட்சிகளும் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. டயாலிசிஸ்காரர் என்பதால் அவருக்குத் தண்ணீர் அளந்துதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவளோ அவர் கண்ணெதிரிலேயே சொம்பைத் தூக்கி மடக் மடக் என்று குடித்தாள். முன்பெல்லாம் இப்படிக் குடிக்கிறவள் அல்ல. இது வேண்டுமென்றே செய்வது இல்லாமல் வேறென்ன?

ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து போனாள். பாத்ரூம் கதவுச் சத்தம் கேட்கும். மகளுக்குப் போன் போட்டு ரகசியமாக என்னைப் பற்றிக் கோள் மூட்டுகிறாள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டே முடிவு கட்டினார். சட்டைப் பொத்தான் தைக்கச் சொன்னால், "ஊசி கண்ணே தெரியமாட்டேங்குதுங்க" என்றாள். நேற்றுவரை தெரிந்த ஊசி இன்றைக்குத் தெரியாமல் போய்விட்டதா, நல்ல சாக்கு! ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது. எனக்குச் சோற்றைக் குறைத்த குற்ற உணர்ச்சியில் தானும் பட்டினி கிடக்கிறாள், அல்லது கிடப்பதுபோல் காட்டுகிறாள். மோப்பத்தின் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை.

சரி, வேறு ஒரு இடத்தில் சோதித்துவிடுவது என்று தீர்மானித்தார். தெருமுனையில் ஒரு டாக்டர் இருந்தார். பக்கத்திலேயே லேப். செக்கர் வேலையில் முதல் பாடம், நாம் முந்திக்கொண்டு எதையும் சொல்லக் கூடாது என்பது. சொன்னால் எதிராளி அதற்கு ஏற்ற மாதிரி பதிலைத் தயார் செய்துகொள்வான். ஆகவே முழுக்கைச் சட்டையைப் போட்டு, பொத்தானை மணிக்கட்டுவரை மாட்டி, ஊசித் தழும்புகளை மறைத்துக்கொண்டார். காலில் பழைய ஷூ. டயாலிசிஸ் என்றோ, புண் என்றோ ஒரு வார்த்தை விடவில்லை. "ரொம்ப நாளா சுகர் இருக்கு டாக்டர். தினமும் காலையில இன்சுலின் போடறேன். எப்படி இருக்குன்னு பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த டாக்டர் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை எழுதிக்கொடுத்தார். மறுநாள் முடிவைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "5.9. ஏழுக்குள்ள இருந்தாலே போதும், உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல கட்டுப்பாடு. சொல்லப்போனா கொஞ்சம் அதிகமாவே இறங்கியிருக்கு. இன்சுலினைப் பாதியாக் குறைச்சுக்குங்க. இல்லேன்னா தாழ்ந்துபோய் மயக்கம் வரும்."

மோப்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஷூவுக்குள் விரல் இருப்பதையே மறந்து வீட்டுக்கு நடந்தார்.

மனைவி சமையலறையில் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவர் காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மூணு மாசமா என் சுகர் நல்லா இருக்காம். டாக்டர் சொல்றார், லேப் சொல்லுது. நீ மட்டும் முந்நூறு முந்நூறுன்னு என் வாயைக் கட்டிப் போட்டிருக்கே. இது என்ன நாடகம்?"

"நான் என்னங்க பண்ணேன்? மெஷின் காட்டறதைத்தானே சொல்றேன்."

"அப்ப மெஷினைப் பாத்துருவோம். கையைக் கழுவிட்டு வா. நல்லா சோப்புப் போட்டு. பின்னால கையில சக்கரை ஒட்டியிருந்துது, பழம் ஒட்டியிருந்துதுன்னு சப்பைக்கட்டு கட்டக் கூடாது."

அவள் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். ஏதோ திருடியைப் போல் நின்றாள்.

"விரலை நீட்டு" என்றார்.

அவரே குத்தினார். அவளுக்குச் சுருக்கென்றது, ஆனால் கையை இழுக்கவில்லை. மெஷின் யோசித்துவிட்டு எண்ணைக் காட்டியது. 246.

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா! பாத்தியா! உனக்கு எங்கே இருக்கு சுகர்? ஒரு நாளாவது தலைவலின்னு படுத்திருப்பியா நீ? கல்லு மாதிரி இருக்கறவளுக்கு இருநூத்தி நாப்பத்தாறு காட்டுது இந்தத் திருட்டு மெஷின்! குட்டு வெளிப்பட்டுச்சா?"

அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. "அப்ப இத்தனை நாளா இதை நம்பியா உங்களுக்கு ஊசி போட்டேன்?" என்றாள். "ஏதாவது ஆயிருந்தா?"

ஒரு மனிதனுக்கு அந்த நேரத்தில் மனைவியின் தோளைத் தொடத் தோன்ற வேண்டும். மோப்பத்துக்குத் தோன்றவில்லை. வழக்கு ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தார். மெஷினைத் தூக்கி அலமாரியின் உச்சியில் போட்டார். "இனிமே என் விரலை யாரும் தொட வேணாம்" என்று உத்தரவும் போட்டார். அதற்குப் பிறகு மனைவி அவரோடு பேசுவதையே வெகுவாகக் குறைத்துக்கொண்டாள். சாப்பாட்டை வைப்பாள், கட்டை மாற்றுவாள், டயாலிசிஸுக்குக் கூட வருவாள். கேட்டால் பதில் சொல்வாள்.

இன்சுலின் பாதியானது. சோறு பழைய அளவுக்கு வந்தது. பழம் திரும்பி வந்தது. பிஸ்கட் இப்போது ஒளிவுமறைவு இல்லாமல் வந்தது. உடம்பு மட்டும் ஏனோ அசதியாகவே இருந்தது. அதற்கு டயாலிசிஸ் கூடத்தின் மேல் பழியைப் போட்டார். ரத்தத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் டிமிக்கி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது!

புண் ஆறவில்லை. கட்டை மாற்றும்போது மனைவி மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபடுவதை அவர் கவனித்தார். "நாத்தம் வருதுங்க, டாக்டரம்மாகிட்ட காட்டுங்க" என்றாள். பேசாதவள் பேசுகிறாள் என்றால் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்று அதையும் தள்ளிப்போட்டார்.

அந்த வாரம் டயாலிசிஸ் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தவுடன், நர்ஸ் குழாய்களை மாட்டிவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து, அவரைக் கேட்காமலே கட்டைப் பிரித்தாள். பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனாள். அவளுடைய வேடிக்கைப் பேச்சு காணாமல் போனதில்தான் மோப்பத்துக்கு முதல் பயம் வந்தது. விரலின் நுனி கறுத்திருந்தது.

டாக்டரம்மா வந்தார். "வீட்ல சுகர் எவ்வளவு வருது?"

"வீட்டு மெஷின் சரியில்லை டாக்டர். ஆனா கவலைப்படாதீங்க, எல்லாம் கட்டுக்குள்ளதான் இருக்கு." சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதை எந்நேரமும் கூடவே வைத்திருந்தார்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இதை எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட, டயாலிசிஸ் பண்ணிக்கறேன்னு சொன்னீங்களா?"

மோப்பம் கூரையைப் பார்த்தார். டிக்கெட் இல்லாத ஆசாமிகள் ஜன்னலைப் பார்ப்பதுபோலவே இருந்தது அந்தப் பார்வை.

"சொல்லலை" என்றார் டாக்டரம்மா. "புண் இருக்குன்னும் சொல்லியிருக்க மாட்டீங்க. சார், இந்தப் பரிசோதனை உங்களுக்குச் சரியா வராதுன்னு ஆரம்பத்துலயே சொன்னேனே. ரத்தத்துல சிவப்பு அணுக்கள் இருக்கு. அதுங்க மூணு மாசத்துக்கு மேல ஓடிக்கிட்டே இருக்கும். ஓட ஓட, ரத்தத்துல இருக்கற சர்க்கரை அதுங்க மேல ஒட்டும். எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாக்கறதுதான் இந்த டெஸ்ட். உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டதால அந்த அணுக்கள் சீக்கிரமே செத்துப்போயிடுது. அது மட்டுமில்லை. ரத்தம் ஊறணும்னு நாங்க வேற ஊசி போடறோம். போன மாசம் ஒரு பாட்டில் ரத்தமும் ஏத்தினோம். அதனால உங்க உடம்புல இருக்கறதெல்லாம் புது அணுக்கள். சர்க்கரை ஒட்டறதுக்கு அதுங்களுக்கு நேரமே இல்லை. சர்க்கரை எக்கச்சக்கமா இருந்தாலும் காகிதத்துல குறைவாத்தான் காட்டும்."

சொன்னார்தான். ஆரம்பத்திலேயே சொன்னார். இவர்களிடமே எல்லாச் சோதனையும் எடுக்கவேண்டும் என்பதற்காகக் காதில் பூ சுற்றுகிறார் என்று மோப்பம் அப்போது நினைத்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு செருமல் கேட்டது. பழைய கண்டக்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"தப்பா நினைக்காதீங்க செக்கர் சார். இது நான் பண்ண வேலைதானே? டிக்கெட் இல்லாதவனை எல்லாம் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறக்கி விட்டுட்டு, புதுசா ஏறினவனை மட்டும் உங்ககிட்ட காட்டறது. நீங்களும் பாத்துட்டு, வண்டி சுத்தம்னு எழுதிட்டு இறங்குவீங்க."

கிண்டல் இருக்கிறதா என்று மோப்பம் அந்த முகத்தில் தேடினார். இல்லை. உண்மையாகவே கண்டக்டருக்கு வருத்தமாக இருந்தது. எல்லாரையும் சந்தேகப்பட்ட மோப்பம், சட்டைப் பைக்குள் இருந்த ஒன்றை மட்டும் நம்பியிருந்தார். திருட்டு வண்டி அதுதான். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தினமும் காலையில் கூடவே பயணம் செய்த ஒரே செக்கரை, அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டார்.

ஆனாலும் பழக்கம் விடுமா? நர்ஸ் ஆஸ்பத்திரி மெஷினைக் கொண்டுவந்து விரலைக் குத்தி, 352 என்றதும், "முதல்ல உன் விரல்ல பாத்துக் காட்டும்மா" என்றார். அவள் சிரிக்காமல் தன் விரலைக் குத்திக் காட்டினாள். 94.

"வீட்டு மெஷின் எங்கே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அலமாரி மேல."

"அம்மா வெளியதான் உக்காந்திருக்காங்க. கேட்டுப் பாக்கறேன்" என்று நர்ஸ் போய் மனைவியைக் கூட்டிவந்தாள். அவள் தயங்கித் தயங்கி வந்து, ஆஸ்பத்திரிப் பையின் அடியிலிருந்து அந்த மெஷினை எடுத்தாள். மோப்பத்தின் கண் விரிந்தது. "கெட்டுப்போச்சுன்னா எங்க குடுத்துச் சரி பண்றதுன்னு உங்களைக் கேக்கலாம்னு பையிலயே வச்சிருந்தேன் சிஸ்டர்" என்று அவள் நர்ஸைப் பார்த்துச் சொன்னாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

அதே விரலில் இன்னொரு சொட்டு. வீட்டு மெஷின் 347 என்றது.

"இதுல ஒரு குறையும் இல்லை. அஞ்சு பத்து வித்தியாசம் எல்லா மெஷின்லயும் வரும்" என்றாள் நர்ஸ். "தினமும் பாத்தது நீங்கதானே? ரொம்பச் சரியா பாத்திருக்கீங்கம்மா."

மனைவியின் கண் நிறைந்துவிட்டது. டாக்டரம்மா அவர்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். நாளைக்கு சர்ஜன் பார்ப்பார். விரல் போகும் என்றுதான் தோன்றுகிறது. சர்க்கரையை உடனே கட்டுப்படுத்தினால் காலைக் காப்பாற்றிவிடலாம். இன்சுலின் அளவை இங்கேயே, பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியிடம் போனார்.

மோப்பம் வாயைத் திறந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாழ்நாளில் அபராதம் கட்டுகிறவர்களின் வாயிலிருந்து மட்டும்தான் கேட்டிருக்கிறார். அது எப்படித் தொடங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. "இந்தாடி" என்றார். அதற்குள் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தாகமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று வெளியே போய்விட்டாள்.

கண்ணாடிக் கதவு வழியாக வராந்தா தெரிந்தது. அங்கே தண்ணீர்க் குழாய். அவள் டம்ளரைப் பிடித்து நிரப்பிக் குடித்தாள். மறுபடி நிரப்பிக் குடித்தாள். மறுபடியும். எலும்பு துருத்திய தோளில் ரவிக்கை நழுவியது. அதை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி டம்ளரைக் குழாயடியில் வைத்தாள்.

மோப்பம் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் இதை! சொம்பு சொம்பாகக் குடித்தாளே. ராத்திரியில் எழுந்து எழுந்து பாத்ரூம் போனாளே. ஊசியின் கண் தெரியவில்லை என்று அவள் சொன்னதும் அவர் சந்தேகப்பட்டாரே, அவளுடைய கண்ணை அல்ல, அவளை! மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று நர்ஸ் சொன்னது இப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. குறை இல்லையென்றால், அன்றைக்குச் சமையலறையில், சோப்புப் போட்டுக் கழுவிய விரலில், அந்த மெஷின் சொன்னது என்ன?

இருநூற்று நாற்பத்தாறு. தொடையைத் தட்டிச் சிரித்தாரே.

எழுந்திருக்கப் பார்த்தார். கை இழுபட்டு, இயந்திரம் கீச்கீச்சென்று கத்தியது. நர்ஸ் ஓடிவந்து தோளை அமுக்கி உட்காரவைத்தாள்.

"சார்! ஊசி இருக்கு கையில! என்ன வேணும்?"

"அவளைக் கூப்பிடும்மா. உள்ள வரச் சொல்லு. மெஷினை எடு. அந்த மெஷினை எடும்மா!"

சத்தம் கேட்டு மனைவியே பதறிக்கொண்டு ஓடிவந்தாள். ஈர வாயைத் துடைத்தபடி, "என்னாச்சு, என்னாச்சுங்க?" என்றாள்.

"விரலை நீட்டு."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். பயம் போய், அத்தனை வருஷக் கோபமும் அவள் முகத்தில் ஏறியது. கூடத்தில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

"இன்னுமா? சிஸ்டர் இப்பத்தானே சொன்னாங்க, மெஷின் சரியாத்தான் இருக்குன்னு? எல்லார் முன்னாடியும் திரும்ப என்னைச் சோதிக்கணுமா? எப்பத்தான் நம்புவீங்க நீங்க?"

"நம்பறேன்டி" என்றார் அவர். ஊசியில்லாத கையை அவளை நோக்கி நீட்டினார். "மெஷினை நம்பறேன். அதான் பயமா இருக்கு."